செவ்வாய்க்கு என்ன இனம்

ஒரு செவ்வாய்க்கிழமை
சாக்கடை மூடிமேல் நனைந்து நின்றாள்.
யார் வீட்டுக் கோழி என்று தெரு முழுக்கக் கேட்டேன்.
பிளைனை ஃபெஸ்டீனியோக்கில்
மழைக்குச் சொந்தக்காரர் கிடையாது,
அவளுக்கும் இல்லை.
பெயர் அப்படித்தான் வந்தது.

இப்போது அரசாங்கப் படிவம்.
ஒற்றைக் கோழி வைத்திருந்தாலும் எழுதித் தர வேண்டுமாம்.
எண்ணிக்கை: நான்கு.
இடம்: சமையலறைக்குப் பின்னால், பழைய நிலக்கரிக் கொட்டகை.
இனம்:
அங்கே பேனா நின்றுவிட்டது.
மற்ற மூன்றும் ரசீதோடு வந்தவை.

தபால்கார இத்தெல் அவள் தலையைத் திருப்பிக்
காதுமடலைப் பார்த்தார். வெள்ளை.
"வெள்ளை மடலுக்கு வெள்ளை முட்டை.
லெகார்ன் ரத்தம். சத்தியம் செய்வேன்."
கறிக்கடை கிளெட்வின் காலைத்தான் பார்த்தார்.
"கெண்டைக்காலில் இறகு. மாரன்ஸ்.
சாக்லேட் நிறத்தில் இடுவாள், பார்."
பந்தயம் ஒரு பைண்ட் பீர்.
கால் சிலேட்டு நிறம் என்பதை
இருவருமே சொல்லவில்லை;
சிலேட்டு மலைக்கடியில் பிறந்தவர்களுக்கு
அது ஒரு நிறமாகவே படாது.
விரல்களை நான் எண்ணினேன்.
இடக்காலில் நான்கு.
வலக்காலில் ஐந்து.
கண்ணாடி போட்டு மறுபடி எண்ணினேன்.
ஐந்துதான்.

ஐந்து வாரம் காத்திருந்தோம்.
மின்கட்டண ரசீதை நீட்டும்போதெல்லாம்
"இட்டாளா?" என்பார் இத்தெல்.

பிறகு ஒரு மாலை அவள் பரணில் ஏறவில்லை.
வாலைத் தாழ்த்தி, உடம்பை நிமிர்த்தி,
பென்குவின் மாதிரி மூலையில் நின்றாள்.
நேற்றுவரை மிளகாய்ப்பழமாக இருந்த கொண்டை
எங்கள் பள்ளிக்கூடத்துக் காரட்டைப்போல
வெந்து வெளிறிக் கிடந்தது.
இறகைப் பிரித்தேன், பேன் இல்லை.
மூச்சில் கரகரப்பு இல்லை. கண்ணில் நீர் இல்லை.
இரைப்பையைத் தொட்டால் காலிப் பை.
செவ்வாய், வெறுவாய்.
அடிவயிற்றில் மட்டும்
ஏதோ ஒன்று உருண்டையாக, பிடிவாதமாக.

தொலைபேசியில் மருத்துவர் கொட்டாவி விட்டபடி சொன்னாள்:
வெதுவெதுப்பான தண்ணீர், எப்சம் உப்பு, இருட்டு.
விடிந்தும் வரவில்லை என்றால் தூக்கிக்கொண்டு வா.
எந்தக் காரணத்துக்கும் அழுத்தாதே.

பாத்திரம் கழுவும் தொட்டியில் உட்கார வைத்தேன்.
கழுத்திறகு செம்பாகத் தண்ணீரில் விரிந்தது.
நெஞ்செலும்பு என் உள்ளங்கைமேல்.
தினமும் நூற்றைம்பது பிள்ளைகளுக்கு
உருளைக்கிழங்கு மசிக்கும் கை;
அழுத்தாமல் இருந்து அதற்குப் பழக்கமில்லை.
கோழிக்குக் கீழிமைதான் மேலே ஏறி மூடும்,
அன்றைக்குத்தான் கவனித்தேன்.
தூங்குகிறாளா, போகிறாளா, தெரியவில்லை.
மூன்று கெட்டில் வெந்நீர் ஆகிவிட்டது.
"மெய்ர்வென், கீழே என்னதான் செய்கிறாய்?"
மாடியிலிருந்து என் கணவன்.
"குளிக்கிறோம்" என்றேன்.

இரண்டு பத்துக்கு வந்தது.
ஓடு இல்லை.
தோல்முட்டை.
வெள்ளையில்லை, சாக்லேட் இல்லை.
விளக்குக்கு நேரே பிடித்தால்
ஒரு சவ்வு, உள்ளே தளும்பும் மஞ்சள்.
அவள் ஒரு உதறு உதறி
என்னையும் சுவரையும் நனைத்துவிட்டு
ரொட்டித் துணுக்கைத் தேடினாள்.

காலையில் இத்தெல் கையில் கடிதம் எதுவும் இல்லை.
பின்னால் கிளெட்வின், ரத்தக்கறை ஏப்ரனோடு.
"என்ன நிறம்?"
கிண்ணத்தை நீட்டினேன்.
இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து
மண்டையை முட்டிக்கொண்டார்கள்.
"சிப்பித்தூள் போதவில்லை அவளுக்கு" என்றார் கிளெட்வின்.
"மாலைக்குள் இரண்டு கிலோ கொண்டுவருகிறேன்" என்றார் இத்தெல்.
பீரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

படிவத்துக்கு வெள்ளிக்கிழமை கெடு.
இனம் என்ற கட்டத்தில்
"தெரியாது" என்று எழுதினேன்.
கொஞ்சம் இடம் மிஞ்சியிருந்தது.
"வலக்காலில் ஐந்து விரல்" என்று
அதையும் எழுதினேன்.